வேலைநீக்கமும் தொழிலாளியின் ஹக்கும்

சென்ற ரமலானில் ஒருநாள் நெமிலியில் அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தேன். இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த சகோதரர் ஒருவர் வந்து ஸலாம் கூறி அமர்ந்தார்.

"ஹஜ்ரத், மாதம் பாதியில் என்னைக் கேட்டிலேயே நிறுத்தி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டேன்; பதில் இல்லை. நேற்று முதலாளி கூப்பிட்டு ஒரு கவரைக் கையில் கொடுத்து, 'ஜகாத் பணம், வைத்துக்கொள். இத்தோடு கணக்குத் தீர்ந்தது' என்றார். இது எனக்குக் கூடுமா?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று தோல் தொழிலால் வாழும் நம் ஊர்களில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். ஆகவே இந்த மஸ்அலாவை இருசாராரும் அறிந்திருத்தல் அவசியம். தொழிலாளி வேறு மதத்தவராயினும் அவருடைய ஹக்கில் அணுவளவும் குறையாது என்பதையும் நினைவில் கொள்க.

ஃபிக்ஹ் கூறுவது

கூலிக்கு ஆள் அமர்த்துவது 'இஜாரா' எனும் ஒப்பந்தம். செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் முதல் வசனத்திலேயே கட்டளையிடுகிறது. ஒரே முதலாளிக்காகத் தம் நேரத்தை ஒப்படைத்தவரை 'அஜீர் காஸ்' என்பார்கள் ஃபுகஹாக்கள். அவர் குறித்த நேரத்தில் வேலைக்கு ஆஜராகிவிட்டால், முதலாளி வேலை கொடுக்காமல் உட்காரவைத்தாலும் கூலி கடமையாகிவிடும்.

மாதம் இவ்வளவு என்று பேசி அமர்த்தியிருந்தால், ஹனஃபி மத்ஹபின்படி மாதம் முடியும்போது இருவரில் எவரும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த மாதம் தொடங்கி வேலையும் நடந்துவிட்டால் அந்த மாதம் இருவரையும் கட்டுப்படுத்தும். தக்க உஜ்ரு, அதாவது நியாயமான காரணம், இருந்தாலன்றி நடுவில் முறிக்கக்கூடாது. வியாபாரம் நொடித்துப்போவது உஜ்ருதான். மேஸ்திரிக்கு ஆள் பிடிக்கவில்லை என்பது உஜ்ரு ஆகாது.

ஆகவே, முதலாளி எவரையும் நீக்கவே கூடாது என்று ஷரீஅத் சொல்லவில்லை. நீக்குவதற்கு முறை உண்டு, நீக்கினால் கொடுக்கவேண்டிய ஹக்கும் உண்டு என்றே சொல்கிறது.

நாட்டுச் சட்டம் கூறுவது

1947-ஆம் ஆண்டின் தொழிற் தகராறுகள் சட்டம் பல்லாண்டுகள் இந்த முறையை வகுத்து வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அடிப்படை விதிகள் மாறிவிடவில்லை. அவையாவன:

1. பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்தவர் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவராகக் கருதப்படுவார். அவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத நோட்டீஸ் காரணத்தோடு எழுத்தில் தரவேண்டும். அல்லது அந்த மாதச் சம்பளம் தரவேண்டும்.

2. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடாகத் தரவேண்டும்.

3. ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்யவேண்டும். ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை.

4. குற்றம் செய்தார் என்று நீக்குவதானால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்தவேண்டும். இருதரப்பையும் கேளாமல் தீர்ப்பளிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுக்குத் தடுத்துரைத்தார்கள்.

இவையன்றி, ஐந்தாண்டு முடித்த நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை தனி. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைப்போம். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 500. ஆண்டுக்கு 15 நாள் வீதம் 7,500. பதினோரு ஆண்டுக்கு 82,500 ரூபாய். அந்தக் கவரில் இருந்த தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

நாள் கணக்கில் தந்திரம்

ஸ்டேட் பாங்கில் தற்காலிகக் காஷியராக வேலை பார்த்த சுந்தரமணி என்பவரின் வழக்கு 1976-இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிவாயிற்று. ஒன்பது நாளுக்கு என்று எழுதிய உத்தரவு. நாள் முடிந்தது, வேலையும் தானே முடிந்தது என்றது பாங்க். ஆனால் விட்டுவிட்டுச் செய்த வேலையைக் கூட்டினால் 240 நாள் தேறியிருந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் இடம்பெற்ற பெஞ்ச், எந்தக் காரணத்தால் வேலை முடிவுக்கு வந்தாலும் அது ஆட்குறைப்பே. நஷ்டஈடு கொடுக்காதது தவறு என்று தீர்ப்பளித்தது.

பிறகு 1984-இல் செய்த திருத்தம், தவணை குறித்த ஒப்பந்தம் தவணையோடு முடிவதை இதிலிருந்து விலக்கியது. ஆயினும் நிரந்தரச் சலுகைகளைத் தராதிருக்கும் நோக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்திருப்பது, நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்றே சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது.

240 நாள் நெருங்கும்போது ரிஜிஸ்டரில் பெயரை வெட்டி, பத்து நாள் கழித்துப் புதிய ஆளாகச் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெள்ளிக்கிழமை வலை விரித்து ஞாயிறன்று மீனை அள்ளி, சனிக்கிழமை நாங்கள் பிடிக்கவில்லையே என்று சொன்ன கூட்டத்தாரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஹீலாவை அல்லாஹுத் தஆலா ஏற்றானா?

ஜகாத்தும் கடனும்

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். நோட்டீஸ் சம்பளம், நஷ்டஈடு, பணிக்கொடை ஆகிய மூன்றும் சேர்ந்த வேலைக்குரிய ஹக்குகள். முதலாளி தலைமேல் நிற்கும் கடன். கடனை ஜகாத் பணத்தால் அடைக்க முடியாது. கூலிக்குப் பகரமாகக் கொடுத்தது ஜகாத்தாகவும் ஆகாது. முதலாளியின் ஜகாத்தும் நிறைவேறவில்லை. தொழிலாளியின் பாக்கியும் தீரவில்லை. இரண்டு கடமைகள் அப்படியே நிற்கின்றன!

தொழிலாளி ஏழையாக இருந்து, அவருடைய ஹக்கை முழுதும் கொடுத்தபின் தனியாக ஜகாத் கொடுத்தால் அது கூடும், நன்மையும் உண்டு.

தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வெற்றுத் தாளிலோ, தாமே விலகியதாக எழுதிய கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. கார்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். யூனியன் இல்லாவிட்டாலும் தனியொருவராகவே தொழிலாளர் துறைச் சமரச அதிகாரியிடம் மனுச் செய்யலாம். இந்த உரிமை 1965 முதல் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் நேரத்தைத் திருடாமல் உழைத்திருக்க வேண்டியதும் நம் கடமையே.

முதலாளிமார்களே! குகையில் அகப்பட்ட மூவரின் ஹதீஸை மிம்பரில் பலமுறை கேட்டிருப்பீர்கள். மூன்றாமவர் தம் வேலையாள் வாங்காமல் விட்டுப்போன சிறிதளவு தானியக் கூலியைப் பெருக்கி, அவர் திரும்பி வந்தபோது ஆடு மாடுகளோடு முழுவதையும் ஓட்டிப் போகச் சொன்னார். பாறை விலகியது. நம்மிடம் கேட்டில் வந்து நிற்பவர் பெருக்கியதைக் கேட்கவில்லை, உள்ளதைக் கேட்கிறார். கூலி கொடாதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக ரப்புல் ஆலமீன் அறிவித்திருக்கிறான். அந்த வழக்குக்கு அப்பீல் இல்லை.

அந்தச் சகோதரரிடம், "கவரைத் திருப்பிக் கொடுங்கள். கணக்கை எழுதிக் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

பிறர் ஹக்கு நம் கையில் தங்காமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.