வால்வின் இடைவெளி: திண் முறையும் எண்ணெய் முறையும்

இயந்திரங்களின் மேன்மையை நாம் பெரும்பாலும் அவற்றின் வலிமையாலும் விரைவாலுமே அளக்கின்றோம். இவ்வண்டி எத்தனை குதிரைத் திறன் உடையது, மணிக்கு எத்தனை கல் ஓடும் என வினவுவோர் பலர். அவ்விரைவைத் தாங்கி நிற்பது யாது என வினவுவோர் சிலரே. விரைவோட்ட மோட்டார் வண்டியின் எஞ்சினை ஆராயுமிடத்து, அதன் ஆற்றலும் ஆயுளும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கேயான ஒரு சிறு இடைவெளியைப் பொறுத்து நிற்றல் புலனாகும். அவ்விடைவெளியை மனிதன் அளந்து வைத்தல் நன்றோ, எண்ணெயே நிரப்பிக்கொள்ளுமாறு விடுதல் நன்றோ என்னும் வினா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பொறியறிஞரிடையே நிகழ்ந்து வருகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வால்வின் தொழில்

எஞ்சினின் சிலிண்டர் ஒவ்வொன்றிற்கும் இரு வகை வாயில்கள் உண்டு. ஒன்றன் வழியே காற்றும் எரிபொருளும் உட்புகும். மற்றொன்றன் வழியே எரிந்த புகை வெளியேறும். இவ்வாயில்களைத் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். வால்வை மூடி வைப்பது ஒரு வலிய சுருள்வில். திறப்பது கேம் தண்டு. இத்தண்டின்மேல் முட்டை வடிவான புடைப்புகள் அமைந்துள்ளன. தண்டு சுழலுந்தோறும் புடைப்பு வந்து அழுத்த, வால்வு திறக்கும். புடைப்பு நீங்க, வில்லின் விசையால் மூடிக்கொள்ளும். புடைப்பிற்கும் வால்விற்கும் நடுவே நின்று அவ்வழுத்தத்தை வாங்கிக் கொடுக்கும் உறுப்பே டாப்பெட். நம் ஊர்ப் பட்டறைகளிலும் இப்பெயரே வழங்குதலின் யாமும் அதனையே கைக்கொண்டோம். சில எஞ்சின்களில் ராக்கர் என்னும் ஆடு நெம்புகோலும் இடையே நிற்கும்.

எஞ்சின் இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழலும். ஆகவே நிமிடத்திற்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகின்றது. 9000 சுற்றில் 75 முறை. அவ்விரைவில் வால்வு ஒருமுறை திறந்திருக்கும் காலம் ஒரு விநாடியின் 200-இல் ஒரு பங்கு அளவினதே. அதற்குள் அது அமைதி நிலையினின்று எழுந்து, ஓடி, நின்று, திரும்பித் தன் இருக்கையில் பொருந்தியமைதல் வேண்டும். இங்கு மனத்திற் கொள்ள வேண்டிய விதி ஒன்றுண்டு. சுழற்சி இருமடங்காயின் இவ்வுறுப்புகளை இயக்க வேண்டிய விசை நான்கு மடங்காகும். மும்மடங்காயின் ஒன்பது மடங்காகும். ஆதலின் 3000 சுற்றில் பொருட்டாகாத சிறு எடையும் 9000 சுற்றில் பெருஞ்சுமையாய் முடியும்.

இடைவெளி வேண்டுவது ஏன்?

வெப்பத்தால் உலோகம் நீளும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள உருக்குத் தண்டு 100 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் நீளும். வால்வின் தண்டோ இதனினும் மிக்க வெப்பத்திற்கு உள்ளாவது. குளிர்ந்த நிலையில் உறுப்புகள் யாவும் இடைவெளியின்றி நெருங்கியிருப்பின், சூடேறியபின் நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுதும் அமரமாட்டாது. அமராத வால்வின் வழியே அழுத்தம் கசியும். அதனினும் பெரிய கேடு வேறொன்றுண்டு. புகை வெளியேற்றும் வால்வு தான் ஏற்ற வெப்பத்தை, மூடியிருக்கும் நேரத்தில்தான் இருக்கையின் வழியாக வெளிவிடுகின்றது. சரியாக அமராவிடின் அவ்வழி அடைபடும். வால்வின் விளிம்பு கருகிப் பிளவுறும்.

இதனைத் தவிர்க்கவே திண் முறையில் ஒரு சிறு இடைவெளி விடப்படுகின்றது. அதனை அளப்பதற்கு மெல்லிய உருக்குத் தகடுகள் கொண்ட அளவுகோல் உண்டு. குறித்த கனமுள்ள தகடு இடைவெளியில் இலேசான பிடிப்போடு நுழைந்து வருமாறு திருகாணியைத் திருப்புதலே தொழிலாளியின் கைத்திறம். இடைவெளி மிகுமாயின் உறுப்புகள் ஒன்றோடொன்று மோதித் தேய்வுறும்; வால்வின் எழுச்சியும் குறையும். குறையுமாயின் மேற்கூறிய கேடு விளையும். இவ்விரண்டனுள் முன்னது ‘டக டக’ என்னும் ஓசையால் தன்னை அறிவித்துவிடும். பின்னதோ ஓசையின்றி வரும். ஓசையுள்ள வால்வைக் கண்டு அஞ்சாது ஓசையற்ற வால்வையே ஐயுறுக என்று பழகிய தொழிலாளர் கூறுவது இது பற்றியே.

எண்ணெய் முறை

உயர்ந்த விலையுள்ள வண்டி வாங்குவோர் ஓசையை விரும்பார். அடிக்கடி திருகாணி திருப்புதலையும் விரும்பார். 1930-ஆம் ஆண்டு வெளிவந்த காடிலாக் பதினாறு சிலிண்டர் வண்டியில் எண்ணெயின் உதவியால் இடைவெளியை நீக்கும் அமைப்பு இடம்பெற்றது. 1933-இல் பியர்ஸ் ஆரோ வண்டியில் எண்ணெய் டாப்பெட் வந்தது. பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது.

இதன் அமைப்பு வியக்கத்தக்கது. டாப்பெட்டின் கூட்டுக்குள் மற்றொரு சிறு உருளை நழுவிச் செல்லுமாறு பொருத்தப்பட்டுள்ளது. அதன் கீழ் ஒரு சிறு அறை. அறையின் வாயிலில் ஒரு சிறு குண்டு. வால்வு மூடியிருக்கையில் உள்ளிருக்கும் மெல்லிய வில் உருளையை மேலே தள்ளி இடைவெளியை அடைக்கும். அப்போது குண்டு விலக, எஞ்சினின் எண்ணெய் அறையை நிரப்பும். கேம் அழுத்தத் தொடங்கியதும் குண்டு வாயிலை மூடும். எண்ணெய் அழுத்தத்தால் சுருங்காத இயல்புடையதாதலின், அடைபட்ட எண்ணெய் ஒரு திண்ணிய தூணைப்போல் நின்று வால்வைத் திறக்கும். ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவு எண்ணெய் உருளையின் பக்கமாகக் கசியும். அடுத்த கணம் அக்குறை நிரம்பும். வால்வு நீண்டால் கசிவு அதற்கு இடங்கொடுக்கும். உறுப்புத் தேய்ந்தால் நிரப்பு அதனை ஈடுசெய்யும். அளவுகோலும் வேண்டா; ஓசையும் இல்லை.

மிகு விரைவில் நேரும் இடர்

இவ்வளவு நலங்களுள்ள முறையைப் பந்தய எஞ்சின் செய்வோர் நெடுங்காலம் விலக்கி வைத்ததேன்? சுழற்சி எல்லை கடந்து ஏறுமாயின், சுருள்வில் வால்வை விரைந்து மீட்கமாட்டாமற் போகும். அப்பொழுது டாப்பெட் கேமின் பிடியினின்று ஒரு கணம் விடுபடும். திண் டாப்பெட் ஆயின் மீண்டும் வந்து மோதும். அதுவும் தீங்கே, ஆயினும் அதன் நீளம் மாறுவதில்லை. எண்ணெய் டாப்பெட்டோ அவ்விடைவெளியைத் தான் நிரப்ப வேண்டிய இடைவெளி என்றே கொண்டு எண்ணெயை உட்கொண்டு நீண்டுவிடும். நீண்ட டாப்பெட் வால்வை முழுதும் மூடவிடாது; ஆற்றல் திடீரெனக் குன்றும்; திறந்து நின்ற வால்வைப் பிஸ்டன் வந்து தாக்கவும் கூடும். விரைவு தணிந்து எண்ணெய் கசிந்த பின்னரே எஞ்சின் பழைய நிலைக்கு மீளும்.

நடுநிலையில் நின்று நோக்குமிடத்து, இக்குற்றத்தின் வேர் எண்ணெயில் இல்லை, வில்லின் தளர்ச்சியிலேயே உள்ளது என்பது விளங்கும். வில்லின் குறையை எண்ணெய் முறை பெரிதாக்கிக் காட்டுகின்றது என்பதே பொருந்தும். ஆயினும் அதற்கே உரிய குறைகளும் உள. எண்ணெயில் காற்றுக்குமிழிகள் கலந்தால் அது சுருங்காத் தன்மையை இழந்து பஞ்சுபோல் நெகிழும்; அழுக்கடைந்தால் நுண்துளைகள் அடைபடும். வால்வோடு சேர்ந்து எழுந்து விழும் டாப்பெட்டினுள் இவ்வுறுப்புகளை அமைத்தால் எடையும் கூடும். அவ்வெடை மிகு விரைவில் எத்துணைச் சுமையாகும் என முன்னரே கண்டோம்.

அமெரிக்க நாட்டுக் கார்வெட் வண்டி இதற்கொரு சான்று. 1965-ஆம் ஆண்டில் 327 கன அங்குல எஞ்சின் இரு வகையாகவும் கிடைத்தது. எண்ணெய் டாப்பெட் உள்ளது 5800 சுற்றில் 350 குதிரைத் திறனும், திண் டாப்பெட் உள்ளது 6200 சுற்றில் 365 குதிரைத் திறனும் தந்தன. கேமின் வடிவமும் வேறாதலின் வேறுபாடு முழுவதையும் டாப்பெட்டின் மேல் ஏற்றுதல் தகாது. எனினும், மேலும் 400 சுற்று வேண்டுவோன் தன் கையால் இடைவெளியைப் பேணவும் இசைந்தான் என்பது இதனால் அறியப்படும்.

ஒரு வண்டிக் குடும்பத்தின் வரலாறு

இவ்விரு முறைகளின் போட்டியை ஒரே குடும்பத்தில் காண விரும்புவோர் ஜெர்மனி நாட்டுப் போர்ஷே 911 வண்டியின் வரலாற்றை நோக்குக. 1964-இல் விற்பனைக்கு வந்த முதல் 911 இரண்டு லிட்டர் எஞ்சினும் 130 குதிரைத் திறனும் உடையது. அதன் ஆறு சிலிண்டர்களுக்கும் பன்னிரண்டு வால்வுகள். ஒவ்வொரு ராக்கரின் நுனியிலும் ஒரு திருகாணி. குளிர்ந்த நிலையில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தல் வேண்டும். சிலிண்டர்கள் படுக்கையாய் அமைந்தமையின் புகை வால்வுகள் அடிப்பக்கத்தே இருந்தன. வண்டியின் கீழ்ப் படுத்தே அவற்றைத் திருத்த வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்முறையே நிலவியது. 1993-இன் இறுதியில் வெளிவந்த 993 என்னும் வகையில் எண்ணெய் முறை புகுந்தது. உரிமையாளரும் அவ்வேலையினின்று விடுதலை பெற்றனர்.

பின்னர், விரைவையே நோக்கமாகக் கொண்ட ஜி.டி.3 என்னும் கிளையும் எண்ணெய் முறையையே தழுவியது. 2006-இல் வந்த ஜி.டி.3 எஞ்சின் 8400 சுற்று வரை சென்றது. 2013-இல் வந்த 3.8 லிட்டர் எஞ்சின் 475 குதிரைத் திறனும் 9000 சுற்றும் எய்தியது. இதில் கையாண்ட உபாயம் நுட்பமானது. விரல்போன்ற சிறு நெம்புகோல் ஒன்று கேமிற்கும் வால்விற்கும் இடையே நின்றது. எண்ணெய் உறுப்போ அந்நெம்புகோலின் அசையாத முனையைத் தாங்கி நின்றது. ஆகவே அதன் எடை வால்வோடு ஏறி இறங்குவதில்லை. எண்ணெய் முறை மிகு விரைவிற்கு ஒருபோதும் ஒவ்வாது என்பாரின் கூற்றை இவ்வொரு எஞ்சினே மறுக்கின்றது.

ஆயினும் கதை அத்துடன் முடிந்திலது. 2017-இல் வந்த 4 லிட்டர், 500 குதிரைத் திறன் எஞ்சினில் அந்நிறுவனமே எண்ணெய் உறுப்பை நீக்கித் திண் முறைக்கு மீண்டது. சுழற்சி எல்லை அதே 9000. அங்ஙனமாயின் பெற்ற பயன் யாது? எண்ணெய் உறுப்பு நெம்புகோலைக் கேமின்மேல் இடைவிடாது அழுத்துதலால் உண்டாகும் உராய்வு குறைந்தது. மிகு விரைவில் நெகிழக்கூடிய உறுப்பு ஒன்று இல்லாமற் போனது. அதற்கு எண்ணெய் ஊட்ட வேண்டிய தேவையும் ஒழிந்தது. எல்லை அதுவே, எல்லையில் நிற்கும் உறுதியே மிகுந்தது.

பழைய உழைப்பு திரும்பி வந்ததோ எனின், இல்லை. திருகாணிக்கு மாறாக, நுண்ணிதின் அளந்து தேர்ந்த உருக்கு வில்லைகளால் இடைவெளி தொழிற்சாலையிலேயே ஒருமுறை அமைக்கப்படுகின்றது. 2023-ஆம் ஆண்டு வகையாக வந்த கார்வெட் இசட்.06 வண்டியின் 5.5 லிட்டர் எஞ்சினும் இவ்வழியே 8600 சுற்று எய்தியது. 1964-இல் தொழிலாளி படுத்துக்கொண்டு செய்த வேலை அழிந்துவிடவில்லை. உலோகத்தின் தூய்மையிலும் அளவின் துல்லியத்திலும் அது முன்கூட்டியே செய்து முடிக்கப்படுகின்றது.

முடிவுரை

இவ்விரண்டனுள் சிறந்தது யாது என வினவின், எதற்கு என்று திருப்பி வினவுதலே தக்க விடையாகும். நாள்தோறும் ஓடி, அமைதியும் எளிமையும் வேண்டும் வண்டிக்கு எண்ணெய் முறையே ஏற்றது. தூய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதல் ஒன்றே அது வேண்டும் பணி. வில்லும் எடையும் தம் எல்லையைத் தொடும் எஞ்சினுக்குத் திண் முறையே உறுதி. இரண்டும் இடைவெளியை ஒழிக்கவில்லை என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். வெப்பத்தால் உலோகம் நீளும்வரை அது இருந்தே தீரும். ஒரு முறை அதனை ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயால் நிரப்புகின்றது. மற்றொன்று அதனை அளந்து அறிந்து அவ்வளவோடு விட்டுவைக்கின்றது. விரைவோட்ட வண்டியின் முழக்கத்தைக் கேட்டு மகிழ்வோர், அம்முழக்கத்தின் அடியில் ஒரு தாளின் கனமே உள்ள இவ்விடைவெளியையும் ஒருகால் நினைப்பாராக.