கேன்டீன் கார்டு இருக்கிறதா?

ராணுவக் குடும்பங்களுக்கு மிலிட்டரி கேன்டீன் பெரிய வரம். அங்கே ஜிஎஸ்டியில் பாதிதான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு வெளிக்கடைகளிலும் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய கணக்கை நம்பாமல், கேன்டீன் பில்லையும் பக்கத்துக் கடை விலையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தூரம் அதிகமென்றால் ஆட்டோ காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரோடு சேர்ந்து மாதம் ஒரே நடை போதும். மலிவென்று மூன்றாவது ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தால் மிச்சமேது?

காய்கறிக்குச் சந்தைதான்.

மாற்றல் உத்தரவு வரும்போலிருந்தால் எண்ணெயும் மாவும் வாங்கிக் குவிக்காதீர்கள். மூட்டை கட்டும் நாளில் பாதி அக்கம்பக்கத்துக்குத்தான் போகும்.

கேன்டீன் பொருளை வெளியாருக்கு விற்பது விதிமீறல்.