பேரண்டத்தின் முதற்காந்தம்

திசைகாட்டியின் முள்ளை எப்பக்கம் திருப்பினும் அது வடக்கையே நாடும். அதனை ஈர்ப்பது புவியின் காந்தப்புலம். அதன் வலிமை ஏறத்தாழ அரைக் காஸ். காந்தம் புவியோடு நின்றுவிடவில்லை. கதிரவனிலும், பால்வீதியின் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் அது உண்டு. அவ்வெளியில் அதன் அளவு ஒரு காஸின் பத்து இலட்சத்தில் சில பங்குகளே. ஆயினும், அத்துணைப் பெரும் பரப்பில் காந்தத்தை விதைத்தது எது என்பது இன்றும் தீராத வினா.

மின்னூட்டம் பெற்ற வளிமம் கொந்தளித்துச் சுழலும்போது, அதிலுள்ள காந்தப்புலம் வலுப்பெறும். இதனை டைனமோ விளைவு என்பர். இவ்விளைவு இருப்பதை வளர்க்குமேயன்றி, இல்லாததைப் படைக்காது. உறைமோர் இன்றிப் பால் தயிராவதில்லை அன்றோ? அந்த உறைமோர் பேரண்டம் பிறந்த முதற்கணங்களிலேயே தோன்றியிருக்கலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. அதுவே ஆதிக் காந்தப்புலம். விண்மீன்கள் தோன்றிய பின்னரே காந்தம் பிறந்தது என்போரும் உளர்.

இவ்வழக்கில் சான்று கூறவல்லது மிகப் பழைய ஒளியொன்று. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழிந்தபின் அணுக்கள் உருவாயின. அதுவரை சிதறுண்டு கிடந்த ஒளி, தடையின்றிப் பரவத் தொடங்கியது. 1964இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் ஆகிய இருவரும் தம் வானலை வாங்கியில் ஓயாத இரைச்சலொன்றைக் கேட்டனர். அதனுள் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தனர், இரைச்சல் ஓயவில்லை. அதுவே அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்கதிர்வீச்சில் காந்தத்தின் தடம் எவ்வாறு பதியும்? காந்த விசைக்கோடுகள் இழுத்துக் கட்டிய யாழ் நரம்புகளைப் போன்றவை. அவை அதிர்ந்தால் ஆதிப் பிளாஸ்மாவில் அலைகள் எழும். நுண்ணிய அளவிலான பிற அலைகளை ஒளியின் கசிவு அழித்துவிடும். காந்தத்தால் எழுந்த அலைகளோ அவ்வளவு எளிதில் அழியா. இதனை 1998இல் இந்திய அறிவியலாளர் கந்தசாமி சுப்பிரமணியனும் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் பாரோவும் கணக்கிட்டுக் காட்டினர். மற்றொரு தடமும் உண்டு. காந்தப்புலமுள்ள ஊடகத்தில் செல்லும் ஒளியின் அதிர்வுத்தளம் சற்றே திரும்பும் என்பதை 1845இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். தொன்மையான அவ்வொளியிலும் அத்திருப்பத்தைத் தேடுகின்றனர்.

2009இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பிளாங்க் செயற்கைக்கோள் இவ்வொளியை நுட்பமாக அளந்தது. ஐயமற்ற காந்தத்தடம் எதுவும் அதில் புலப்படவில்லை. ஆயினும், அத்தேடல் வீண்போகவில்லை. ஆதிக் காந்தப்புலம் இருந்திருப்பின், அதன் வலிமை இன்றைய கணக்கில் சில நானோகாஸுக்கு மிகாது என்பது உறுதியாயிற்று. திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் விசையில் அது ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்கு.