தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் பிராணி: காரணமும் கவனிப்பும்

இப்பாடத்தின் நோக்கம்: வளர்ப்புப் பிராணியொன்று தன் உடலைத் தானே கடித்துப் புண்ணாக்கும்போது, காரணத்தை அறிந்து தக்கதைச் செய்தல்.

இடம்பெயர்வு மனிதரை மட்டும் வருத்துவதில்லை. 2006ஆம் ஆண்டு ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் சென்றதை நாம் அறிவோம். காடுகரையில் மேய்ந்து பழகிய ஆட்டையும், வளவெல்லாம் ஓடித் திரிந்த நாயையும் அப்படியானதோர் இடத்தில் குறுங்கயிற்றில் கட்டிவைத்தால் என்ன நடக்கும்? சில பிராணிகள் காலை ஓயாமல் நக்கும், வாலைக் கடிக்கும், உரோமத்தைப் பிடுங்கும். "பேய் பிடித்துவிட்டது" என்று அடிப்பதால் பயனில்லை.

அவுஸ்திரேலியா, நியூகினி காடுகளில் சுகர் கிளைடர் என்றொரு சிறு பிராணி உண்டு. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும். மரத்துக்கு மரம் தாவிச் சறுக்கும். கூட்டமாக மரப்பொந்தில் உறங்கும். வேறு நாடுகளில் இதைத் தனியே சிறு கூட்டில் அடைத்து வளர்க்கும்போது, தன் வாலையும் கால்களையும் தானே கடித்துக் குதறுவதுண்டு. தனிமை, இட நெருக்கடி, உடல் நோவு ஆகியவையே முக்கிய காரணங்கள். நமது பிராணிகளுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் விசரைச் சந்தேகியுங்கள்

நாயோ, ஆடோ, மாடோ திடீரென ஓரிடத்தையே வெறியோடு கடித்தால், அது முன்பு விசர்நாய் கடித்த இடமாக இருக்கலாம். குணமாற்றம், உமிழ்நீர் வடிதல், விழுங்க முடியாமை, இடைவிடாத கத்தல் ஆகியவற்றையும் கவனியுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாய்க்குள் கையை விடாதீர்கள். பிள்ளைகளைத் தூர விலக்குங்கள். பாலை எடுக்காதீர்கள். பிராணியைத் தனியே அடைத்து, கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். கடி பட்டாலோ, காயத்தில் உமிழ்நீர் பட்டாலோ, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோய்க்குறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

2. உடலைச் சோதியுங்கள்

விசர் அறிகுறி இல்லையெனில் உரோமத்தை விலக்கிப் பாருங்கள். உண்ணி, தெள்ளு, பேன், சொறி, முள், புழு வைத்த புண் ஆகியவை இருக்கலாம். நோவும் சொறிச்சலும் உள்ள இடத்தையே பிராணி கடிக்கும். மண்ணெண்ணெய், கழிவு ஒயில் பூசாதீர்கள். அவை தோலை எரிக்கும், நக்கினால் உள்ளே சென்று நஞ்சாகும். மனிதருக்கான பனடோலும் வேண்டாம்; பூனைக்கு அது உயிராபத்து.

3. புண்ணைப் பாதுகாருங்கள்

ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் இரண்டு சிறு கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவுங்கள். நாய், பூனைக்குப் பழைய பிளாஸ்ரிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி, கழுத்தைச் சுற்றி அணிவிக்கலாம். வாய் புண்ணை எட்டக்கூடாது. ஆனால் உண்ணவும் குடிக்கவும் முடிய வேண்டும். புழு வைத்த புண்ணுக்கும், ஆழமான புண்ணுக்கும் வைத்தியர் தேவை.

4. வாழும் முறையை மாற்றுங்கள்

புண் ஆறினாலும் காரணம் இருந்தால் பழக்கம் திரும்பும். ஆடு கூட்டமாக வாழும் பிராணி. தனியாட்டை அயலவர் ஆடுகளோடு மேயவிடுங்கள். கயிற்றை நீளமாக்கி, நிழலும் தண்ணீரும் கிடைக்கச் செய்யுங்கள். குழையைக் கொத்தாக உயரத்தில் கட்டினால், தின்பதிலேயே அதன் நேரம் போகும். நாயைக் காலையிலும் மாலையிலும் அவிழ்த்து நடத்துங்கள். கடிக்கும் வேளையில் அடிக்காமல், கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள். அடியால் வரும் அச்சம் பழக்கத்தை மேலும் கூட்டும்.

எல்லாம் இழந்த குடும்பத்துக்கு ஓர் ஆடு மீண்டும் எழுவதற்கான முதல். அதன் வேதனையை நேரத்தோடு கவனிப்பது அந்த முதலையும், வீட்டாரின் உயிரையும் காக்கும்.

கலந்துரையாடலுக்கு:

அ. உங்கள் நாய்களுக்கு இவ்வருடம் விசர்த் தடுப்பூசி போடப்பட்டதா?

ஆ. தனித்தனியே கட்டி வளர்க்கும் ஆடுகளை முறைவைத்து ஒன்றாக மேய்க்க உங்கள் குழுவால் முடியுமா?