பிரவுசர் கேட்ட மருமகளுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய்: "மாமா, போனுக்கு எந்த பிரவுசர் நல்லது? ஆட் வரக்கூடாது, நான் என்ன பார்க்கிறேன் என்று எவனும் நோட்டம் விடவும் கூடாது." பஸ் வந்துவிட்டது. "வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாய்.

அந்த ஒரு வரி இதுதான்: ஆண்ட்ராய்டு போனில் பயர்பாக்ஸ் போடு, அதற்குள் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர். ஆனால் இதை மட்டும் அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பயர்பாக்ஸைப் போடுவாய், யூபிளாக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவாய், நாலு நாள் கழித்து "இதிலும் ஆட் வருதே மாமா" என்று என்னிடமே சண்டைக்கு வருவாய். அதனால்தான் கடிதம். பொறுமையாக உட்கார்ந்து படி.

அன்றைக்கு அடுப்படியில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அரிசிம்பருப்பு சாதத்துக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று போனில் தேடினாய். பக்கம் திறந்தது. இரண்டு வரி படிப்பதற்குள் ஒரு கடன் விளம்பரம் திரையை மூடியது. அதை மூட மேல் மூலையில் எள்ளு அளவுக்கு ஒரு பெருக்கல் குறி. ஈர விரலால் அதைத் தொட்டாய். விளம்பரத்தின்மேல் பட்டு பிளே ஸ்டோர் திறந்துகொண்டது. திரும்பி வந்தால் கீழே ஒரு வீடியோ தானாக ஓடுகிறது. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அமுச்சியிடம் கேட்டாய். இதை முதலிலேயே செய்திருக்கலாம், அது வேறு விஷயம்.

அந்தச் சமையல் பக்கம் ஒரே இடத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. எழுத்தும் படமும் அந்தத் தளத்திலிருந்து வருகின்றன. கூடவே உன் பிரவுசர் நீ பெயரே கேள்விப்படாத பத்து இருபது நிறுவனங்களின் கணினிகளுக்கும் ஆள் அனுப்பி, "இன்னார் வந்திருக்கிறார், என்ன காட்டலாம்?" என்று கேட்கிறது. அவற்றில் பல உன் போனில் குக்கி என்ற சின்ன அடையாளச் சீட்டை வைத்துவிடும். நாளைக்கு நீ வேறொரு செய்தித் தளத்துக்குப் போனால் அங்கேயும் அதே நிறுவனம் உட்கார்ந்திருக்கும். சீட்டைப் பார்த்து, அரிசிம்பருப்பு தேடியவர் வந்துவிட்டார் என்று குறித்துக்கொள்ளும். போன மாதம் உங்கம்மா மூட்டு வலிக்கு என்ன செய்வது என்று தேடிய பிறகு, எந்தப் பக்கத்துக்குப் போனாலும் தைல விளம்பரம் துரத்தியது என்றாளே, அதன் சூட்சுமம் இதுதான். போன் ஒட்டுக் கேட்கிறது என்று நீ அவளைப் பயமுறுத்தினாய். ஒட்டுக் கேட்கவே தேவையில்லை, அவள் தேடியதே போதும்.

யூபிளாக் ஆரிஜின் என்ன செய்கிறது என்றால், அந்த ஆள் அனுப்பும் வேலையையே நிறுத்துகிறது. விளம்பர நிறுவனங்கள், வேவு பார்க்கும் நிறுவனங்கள் இவற்றின் முகவரிகள் அடங்கிய பெரிய பட்டியல்கள் அதனிடம் உண்டு. பல தன்னார்வலர்கள் பராமரிக்கும் பட்டியல்கள் அவை. பக்கம் அந்த முகவரியைக் கேட்டால் போனிலிருந்து கேள்வியே கிளம்பாது. விளம்பரம் வந்தபின் மறைக்கிற வேலை என்று நினைக்காதே. பெரும்பாலும் அது வருவதே இல்லை. அதனால் டேட்டா மிச்சம், பேட்டரி மிச்சம், பக்கமும் சட்டென்று திறக்கும். இதை எழுதியவர் ரேமண்ட் ஹில். நன்கொடைகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பெயரைச் சரியாகப் பார்த்துச் சேர். "ஆரிஜின்" இல்லாமல் வெறும் யூபிளாக் என்ற பெயரிலும் ஒன்று உண்டு. அது வேறு கைக்குப் போய்விட்டது. ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பான் 2011 முதல் "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" என்று ஒரு வகையை உள்ளே விடுகிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறப் பெரிய நிறுவனங்கள் காசும் கட்டுகின்றன. காவல்காரனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பிரவுசருக்கும் இதே கேள்விதான். "குரோம் போனிலேயே இருக்கே மாமா, எதற்கு இன்னொன்று?" என்பாய். குரோமைச் செய்வது கூகுள். கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. பாதுகாப்பு விஷயத்தில் குரோம் நல்ல பிரவுசர், அதை மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனைப் போன் குரோமில் சேர்க்கவே வழி கிடையாது. கம்ப்யூட்டர் குரோமில் யூபிளாக் ஆரிஜின் பல வருடம் ஓடியது. எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை மாற்றி, 2024இல் தொடங்கி அதையும் படிப்படியாக முடக்கிவிட்டார்கள். மற்ற தளங்கள் வைக்கும் குக்கிகளை இரண்டு வருடத்தில் ஒழித்துவிடுவோம் என்று 2020இல் அறிவித்ததும் இதே கூகுள்தான். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி அதே 2020இல் அவற்றை முழுதாகத் தடுத்தேவிட்டது. முடியாத காரியம் ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்.

அடுத்து நீ சொல்லப்போவதும் தெரியும். "நான் இன்காக்னிட்டோவில்தானே பார்க்கிறேன்!" கண்ணு, இதில் நீ ஒருத்தி மட்டும் ஏமாறவில்லை, ஊரே ஏமாந்திருக்கிறது. இன்காக்னிட்டோ முக்கியமாகச் செய்வது ஒரு வேலை: மூடியதும் நீ பார்த்தவற்றை உன் போனிலிருந்து துடைத்துவிடும். உன் போனை எடுத்துப் பார்க்கும் தம்பிக்கு ஒன்றும் தெரியாது. தளத்துக்குத் தெரியும், இணைய இணைப்புக் கொடுப்பவருக்கு நீ எந்தத் தளத்துக்குப் போனாய் என்று தெரியும், அந்தத் தளத்தில் உட்கார்ந்திருக்கும் நிறுவனங்களுக்கும் தெரியும். இதை வைத்து 2020இல் அமெரிக்காவில் கூகுள்மேல் வழக்குப் போட்டார்கள். 2024இல் சமரசம் ஆனபோது, இன்காக்னிட்டோவில் உலவியவர்களைப் பற்றிச் சேர்த்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. அழிக்க அத்தனை இருந்தது என்றால் சேர்த்தது எவ்வளவு என்று நீயே கணக்குப் போடு.

பயர்பாக்ஸ் மட்டும் புனிதமா என்று நீ கேட்டால், அது நியாயமான கேள்வி. அதைச் செய்யும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பது, பயர்பாக்ஸில் முதல் தேடுபொறியாகக் கூகுளை வைப்பதற்காக. எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸை எக்ஸ்டென்ஷன்களுக்கு விரிவாகத் திறந்துவிட்டார்கள். யூபிளாக் ஆரிஜின் அதில் கம்ப்யூட்டரில் ஓடுவதைப்போலவே முழு வலுவோடு ஓடுகிறது. என் முடிவு அதை வைத்துத்தான். சில போன்களில் குரோமைவிடக் கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். பழகிவிடும்.

எக்ஸ்டென்ஷன் எல்லாம் எனக்குத் தொல்லை, போட்டதும் வேலை செய்ய வேண்டும் என்றால் பிரேவ் போடு. ஜாவாஸ்கிரிப்ட்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கிய நிறுவனம் அது. விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, நன்றாகவும் தடுக்கிறது. ஆனால் 2020இல், ஒரு கிரிப்டோ தளத்தின் முகவரியை ஆட்கள் தட்டும்போது பிரேவ் தன் கமிஷன் குறியீட்டை அதன் வாலில் ஒட்டியது வெளியே வந்தது. தவறு என்று ஒப்புக்கொண்டு நிறுத்தினார்கள். போட்டால் பிரேவுக்குள் இருக்கும் கிரிப்டோ, ரிவார்ட்ஸ் பக்கமெல்லாம் கை வைக்காதே. டக்டக்கோ பிரவுசரும் பரவாயில்லை. 2022இல் மைக்ரோசாப்டின் வேவு நிரல்களை மட்டும் சில தளங்களில் விட்டுவைத்தது அம்பலமாகி, அதே வருடம் சரிசெய்தார்கள். டோர் பிரவுசர் உனக்கு வேண்டாம். உயிருக்கே ஆபத்து இருக்கிற பத்திரிகையாளர்களுக்கு அது தேவை. நீ அதில் ரயில் டிக்கெட் போட உட்கார்ந்தால் அழுதுவிடுவாய்.

யூசி பிரவுசர் நினைவிருக்கிறதா? உங்கம்மா போனிலும் இருந்தது. வேகம், டேட்டா மிச்சம் என்று ஊரெல்லாம் போட்டுக்கொண்டோம். அது நாம் இருக்கும் இடத்தையும் தேடும் சொற்களையும் சரியான பூட்டு இல்லாமல் வெளியே அனுப்புகிறது என்று கனடாவின் சிட்டிசன் லேப் 2015லேயே சொன்னது. யார் கேட்டார்கள்? 2020 ஜூனில் அரசு 59 செயலிகளில் ஒன்றாக அதைத் தடை செய்த பிறகுதான் பலரும் எடுத்தார்கள். அதனால் பிளே ஸ்டோரில் "வேகமான ஆட் பிளாக் பிரவுசர்" என்று பளபளவென்று எது வந்தாலும் உடனே போட்டுவிடாதே. உன் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாக அனுப்பும் இலவச விபிஎன் விஷயமும் இப்படித்தான். ஓனாவோ என்று ஒரு விபிஎன் இருந்தது. பாதுகாப்பு தருகிறேன் என்று சொன்ன அதை 2013இல் பேஸ்புக் வாங்கி, ஆட்கள் எந்தெந்த ஆப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வைத்துக்கொண்டது.

உன் அண்ணனின் ஐபோனுக்குக் கதை வேறு. நம் நாட்டில் ஐபோனில் எந்த பிரவுசர் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. அதனால் அவன் சஃபாரியிலேயே இருந்துகொண்டு, ஆப் ஸ்டோரில் யூபிளாக் ஆரிஜின் லைட்டைச் சேர்த்தால் போதும்.

இனி உன் கைவேலை. பயர்பாக்ஸைத் திற, மூன்று புள்ளியைத் தொடு, எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இருக்கும், அதில் யூபிளாக் ஆரிஜின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தொடு. அவ்வளவுதான். அதோடு இன்னும் நாலு தடுப்பானைச் சேர்க்கலாமா என்று பார்க்காதே. ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், கண்டதையும் போட்டுவைத்த பிரவுசரை மற்றவற்றிலிருந்து தனியாக அடையாளம் காண்பதும் எளிது. பிறகு போன் செட்டிங்ஸில் டீஃபால்ட் பிரவுசராகப் பயர்பாக்ஸை மாற்று. இதைத்தான் நீ மறப்பாய். மறந்தால் வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் எல்லாம் பழையபடி குரோமில்தான் திறக்கும்.

இன்ஸ்டாகிராமுக்குள் லிங்க்கைத் தட்டினால் அதன் சொந்த பிரவுசரில் திறக்கும், உன் யூபிளாக் அங்கே இல்லை. அப்படித் திறக்கும் பக்கங்களில் இன்ஸ்டாகிராம் தன் நிரலையும் செருகுகிறது என்று 2022இல் ஃபீலிக்ஸ் கிரவுஸ் என்பவர் காட்டினார். மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி வெளி பிரவுசரில் திற. அப்புறம், கூகுள் கணக்கில் உள்ளே நுழைந்தபடியே கூகுளில் தேடினால் எந்த பிரவுசராலும் உன்னை மறைக்க முடியாது. ஆங்கிலத்தில் தேடும்போது டக்டக்கோ தேடுபொறியில் தேடு. தமிழில் தேட இன்னும் கூகுள்தான் எனக்குக் கைகொடுக்கிறது. கணக்கிலிருந்து வெளியே வந்து தேடுகிறேன்.

"எனக்கு மறைக்க என்ன இருக்கு?" என்றும் ஒருநாள் கேட்டாய். மருந்துக்கடையில் பக்கத்தில் நிற்பவர் உன் சீட்டை எட்டிப் பார்த்தால் மடித்துக்கொள்கிறாயே, ஏன்? நீ குற்றம் எதுவும் செய்யவில்லை. அது உன் சீட்டு, அதற்காக மடிக்கிறாய்.

விளம்பரம் இல்லாவிட்டால் பத்திரிகைகள் எப்படிப் பிழைக்கும் என்பது மட்டும் என்னைச் சங்கடப்படுத்தும் கேள்வி. எழுதுகிறவனுக்குக் கூலி போக வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அதனால் நான் தினமும் படிக்கும் இரண்டு இதழ்களுக்குச் சந்தா கட்டிவிட்டேன். சந்தா வசதி இல்லாத, விளம்பரத்தை அளவோடு போடுகிற ஒரு தளத்தில் யூபிளாக்கை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஏதாவது தளம் சரியாகத் திறக்காவிட்டாலும் அதே பொத்தான்தான் மருந்து. பிரவுசரையே தூக்கி எறிந்துவிடாதே.

உன் போனைவிட அவசரம் அமுச்சியின் போன். ஏதோ ஒரு தளத்தில் நோட்டிபிகேஷனுக்கு "அனுமதி" கொடுத்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்கு "உங்கள் போனில் வைரஸ்" என்று வருகிறது, பயந்துபோய் என்னைக் கூப்பிடுகிறாள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கிவிட்டு, பயர்பாக்ஸும் யூபிளாக்கும் போட்டுக் கொடு. பத்து நிமிட வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வரும்போது முதலில் அதை முடி, சாப்பாடு அப்புறம்.

அன்புடன்,
உன் மாமா