ட்ரை ரன் என்றால் ஒத்திகை அல்ல

2,000 பிரதி அச்சாகி, மோட்டார் பெட்டிகளுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. கோவையில் தயாராகும் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரின் கையேடு. ‘ட்ரை ரன் செய்யாதீர்’ என்ற எச்சரிக்கையை நான் ‘ஒத்திகை ஓட்டம் பார்க்காதீர்’ என்று தமிழாக்கியிருந்தேன்.

என்னைக் கேட்டால் அதில் நியாயம் உண்டு. அதுவரை ஆறு வருஷம் சாப்ட்வேர் கையேடுகள்தான் செய்தேன். அங்கே ட்ரை ரன் என்றால் ஒத்திகையேதான். ஏஜென்சி கொடுத்ததோ வெறும் எக்செல் தாள்; ஒரு படம் கிடையாது. ‘பொருளைக் கண்ணில் காட்டுங்கள்’ என்று கேட்டேன். “வரிசையா முடிச்சு அனுப்புங்க, போதும்” என்றார் ஒருங்கிணைப்பாளர். மறுஅச்சுச் செலவை என் கூலியில் பிடித்தபோது அவருக்கு அது நினைவில்லை.

ட்ரை ரன் என்றால் என்னதான் என்று கேட்க, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் போனேன். மேஜை மேல் ஒரு மோட்டார் பிரித்துக் கிடந்தது. புஷ் கருகி, வார்னிஷ் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. “போர்ல தண்ணி கீழ போனது தெரியாம ஓடவிட்டுட்டாங்க. தண்ணி இருந்தாத்தானுங்க இதுக்குக் குளிர்ச்சி. இல்லீன்னா வெந்துரும். இதானுங்க ட்ரை ரன்” என்றார் கடைக்காரர். தண்ணீர் இல்லையென்றால் லோடு குறைந்து ஆம்பியர் இறங்குமாம். பேனல் போர்டில் உள்ள ‘ட்ரை ரன் பிரிவெண்டர்’ அதைக் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்திவிடுமாம். அந்தப் பிரிவெண்டருக்கு நான் வைத்த பெயர் ‘ஒத்திகைத் தடுப்பான்’. அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து படித்தால், ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக ‘ரன்’னை வினைச்சொல்லாக மட்டும் பிரித்து 645 பொருள் கண்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. 1989 பதிப்பில் 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது ‘செட்’. எனக்கு இரண்டு நாள் கெடு கொடுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூக்கு ரன் ஆனால் ஒழுகுகிறது. துணி ரன் ஆனால் சாயம் போகிறது. கடையை ரன் செய்தால் நடத்துகிறார். அமெரிக்கத் தேர்தலில் ரன் செய்கிறார்கள், நாம் நிற்கிறோம். பேங்க்கில் ரன் என்றால் போட்ட பணத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க முண்டியடிப்பது. நம் ‘ஓடு’ மட்டும் என்ன, லேசா? படம் ஓடும், கடை ஓடும், கையும் ஓடாது காலும் ஓடாது. கூரை மேலும் ஓடு, சாமியார் கையிலும் ஓடு.

நீங்களும் என்னைப் போல எக்செல் தாளோடு மல்லுக்கட்டுபவர்தானே? தெரிந்த சொல் வந்தால்தான் பயப்படுங்கள். தெரியாத சொல்லை எப்படியும் அகராதியில் பார்த்துவிடுவோம். பொருளைக் காட்டாத வேலையை வாங்காதீர்கள். அகராதியில் முதல் பொருளோடு நிற்காமல் உதாரண வாக்கியங்கள்வரை போங்கள். அதைவிட, அந்தச் சாமானை ரிப்பேர் பார்ப்பவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

இப்போது அந்தக் கையேட்டில் ‘தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓடவிடாதீர்கள்’ என்று இருக்கிறது. அதுவும் நான் எழுதிக் கொடுத்ததுதான். அதற்குக் கூலி இன்னும் வரவில்லை.