பல ஸ்விட்சுகளில் ஒரே பிரிவுமுறை

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைவீதி, திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசன் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. அவ்வீதியைச் சேர்ந்ததே ஆரியசாலை. இத்தகைய பழைய கடைவீதிகளில் ஒரு வணிக நிலையம் ஒரே கூரையின் கீழ் அடங்கிவிடுவது அரிது. கீழ்த்தளத்தில் விற்பனை, மாடியில் கணக்கு அலுவலகம், சந்துக்கு அப்பால் கிடங்கு என அது பிரிந்து கிடக்கும். ஒவ்வோரிடத்திலும், கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ‘ஸ்விட்ச்’ என்னும் சாதனம் வைக்கப்பட்டு, அவை கம்பியால் இணைக்கப்படுகின்றன. அவ்வாறான ஒரு நிலையத்தைக் கற்பித்துக்கொண்டு, இம்முறையின் இயல்பை ஆராய்வோம்.

இந்நிலையத்தின் வலையில் பற்றுச்சீட்டு எழுதும் கணிப்பொறிகள், காவற் காமிராக்கள், அட்டைவழிப் பணம் பெறும் பொறிகள், வாடிக்கையாளருக்கு அளிக்கும் கம்பியில்லா இணைப்பு ஆகிய அனைத்தும் கலந்து நிற்கின்றன. ஒரு பொறி, “இம்முகவரிக்கு உரியவர் யார்?” என வினவினால் அவ்வினா எல்லா வாயில்களுக்கும் செல்லும். பொறிகள் பெருகப் பெருக இக்கூக்குரலும் பெருகும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு: கடைக்கு வந்து போகும் எவருடைய கைப்பேசியும் கணக்குப் பெட்டகம் உள்ள அதே வலையில் வீற்றிருக்கிறது.

இதற்குப் பரிகாரமாக ஏற்பட்டதே ‘வீலான்’ எனப்படும் மெய்நிகர் தல வலை. கம்பி ஒன்றாகவே இருக்க, வலை மட்டும் பலவாகப் பிரிக்கப்படுகிறது. அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டேவிட் சின்காஸ்கி என்பார் 1980-களில் இக்கருத்தை உருவாக்கினார், 802.1கியூ என்னும் பொதுத் தரம் 1998-இல் வெளிவந்தது. அதன்படி, ஒரு ஸ்விட்சிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் செய்திப் பொதிகளில் பொதுவாக 4 பைட் அளவுள்ள முத்திரை இடப்படும். அம்முத்திரையில் 12 பிட்டுகள் பிரிவின் எண்ணைக் குறிக்கும். 12 பிட்டுகளால் 4,096 எண்கள் கிட்டும். முதலும் இறுதியும் ஒதுக்கப்பட்டமையால் 4,094 எஞ்சும். கடை ஒன்றுக்கு நான்கைந்து பிரிவுகளே மிகுதி.

ஸ்விட்சுகளுக்கிடையே பல பிரிவுகளையும் சுமந்து செல்லும் கம்பிக்கு ‘டிரங்க்’ என்று பெயர். தொல்லை தொடங்குவது இங்கேதான். கணக்குப் பிரிவுக்கு எண் 20 எனக் கொள்வோம். விற்பனைத் தளத்திலும் கிடங்கிலும் அவ்வெண் பதிவாகியிருந்து, நடுவிலுள்ள மாடி ஸ்விட்சில் மட்டும் பதிவாகாதிருந்தால், கிடங்கின் செய்தி மாடியிலேயே நின்றுவிடும். விளக்குகள் எரியும், கம்பியும் பழுதற்றிருக்கும், இருப்புக் கணக்கு மட்டும் வந்து சேராது. டிரங்கில் அனுமதிக்கப்பட்ட எண்களின் பட்டியலில் 20 விடுபட்டாலும் இதே விளைவுதான். முத்திரையற்ற பொதிகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதில் டிரங்கின் இரு முனைகளும் மாறுபட்டாலோ, ஒரு பிரிவின் செய்தி மற்றொன்றில் நுழைந்துவிடும். இது முன்னதைவிடக் கொடிது. ஏனெனில் எதுவும் நின்றுபோவதில்லை, ஆகவே எவரும் தேடுவதுமில்லை.

மூன்று ஸ்விட்சுகளில் கையால் எழுதிச் சரிபார்ப்பது எளிது. முப்பதில் அது இயலாது. ஆகவே சிஸ்கோ நிறுவனம் ‘வி.டி.பி.’ என்னும் முறையை வகுத்தது. ஓரிடத்தில் பிரிவுப் பட்டியலைத் திருத்தினால், ஒரே குழுப்பெயர் கொண்ட ஏனைய ஸ்விட்சுகள் அதனைத் தாமே ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பட்டியலின் திருத்த எண் ஒன்று உயரும். உயர்ந்த எண்ணுடைய பட்டியலே புதியது எனக் கொள்ளப்படும்.

சீரிய ஏற்பாடுதான், ஆயினும் இதில் ஒரு பெருங்குறை உண்டு. நிலையத்தின் பட்டியல் திருத்த எண் 41-இல் நிற்கிறது. பயிற்சிக்கூடத்தில் பலமுறை மாற்றி மாற்றிப் பழகிய, திருத்த எண் 57 கொண்ட பழைய ஸ்விட்ச் ஒன்று அதே குழுப்பெயருடனும் கடவுச்சொல்லுடனும் கொண்டுவந்து பொருத்தப்படுகிறது. எல்லாச் சாதனங்களும் 57-ஐயே புதியதெனக் கருதித் தம் பட்டியலைக் கைவிடும். மறைந்த பிரிவுகளைச் சேர்ந்த வாயில்கள் யாவும் அக்கணமே செயலற்றுப் போகும். வந்த ஸ்விட்ச் பட்டியலை ஏற்கும் நிலையில் மட்டுமே அமைக்கப்பட்டிருந்தாலும், முதலிரு பதிப்புகளில் இவ்விபத்து நேரக்கூடும். பொது அமைப்பை அழித்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழை; திருத்த எண் வேறொரு கோப்பில் தங்கியிருக்கும். ஸ்விட்சைப் பொருத்துமுன் ‘டிரான்ஸ்பரன்ட்’ நிலைக்கு மாற்றினால் எண் சுழியமாகும். குழுப்பெயரை மாற்றினாலும் அவ்வாறே. மூன்றாம் பதிப்பில், முதன்மையாக நியமிக்கப்பட்ட ஒரே ஸ்விட்ச் மட்டுமே பட்டியலைத் திருத்தலாம் என்ற விதி சேர்க்கப்பட்டது.

ஆகவே பல பொறியாளர்கள் இத்தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, பிரிவுப் பட்டியலை ஸ்விட்சுகளுக்கு வெளியே ஒரு கோப்பில் காத்து, அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கட்டளைகளை அனுப்பும் நிரலைக் கையாளுகின்றனர். ஸ்விட்சில் உள்ளதையும் கோப்பில் உள்ளதையும் ஒப்பிட்டால் வேறுபாடு உடனே புலப்படும். ஆரியசாலைக் கடை போன்ற சிறு நிலையத்துக்கு நிரல்கூட வேண்டுவதில்லை. எண், பெயர், வாயில், டிரங்க் என நான்கு பத்திகள் கொண்ட கணக்கேடு போதும். கணக்கெழுதத் தெரிந்த வணிகருக்கு இது புதிதன்று.

மாவட்டங்கள் தோறும் கிளைவிட்ட வலைகளின் நிலை வேறு. கேரள மாநிலப் பரந்த வலை, திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய மூன்று மையங்களைக் கொண்டு 14 மாவட்டங்களையும் 152 வட்டார ஊராட்சிகளையும் இணைக்க அமைக்கப்பட்டது. இத்தகைய தொலைவுகளுக்கு ஒரே பிரிவை நீட்டுவது உசிதமன்று. ஒரு மூலையில் எழும் குழப்பம் மறு மூலையையும் தாக்கும். பிரிவைக் கட்டடத்தோடு நிறுத்தி, கட்டடங்களுக்கிடையே ‘ரௌட்டர்’ வழியாகச் செலுத்துவதே தக்கது.

புதிய பிரிவைச் சேர்க்கும்போது, முதலில் எல்லா ஸ்விட்சுகளிலும் எண்ணைப் பதிந்து, பின் டிரங்குகளில் அனுமதித்து, இறுதியிலேயே வாயில்களை அதில் சேர்க்க வேண்டும். நீக்கும்போது இவ்வரிசை தலைகீழாகும். பல ஸ்விட்சுகளில், செய்த மாற்றத்தை நிலையான நினைவகத்தில் சேமிக்கத் தனிக் கட்டளை வேண்டும். அதனை மறந்தால், எல்லாம் செவ்வனே இயங்குவது போலத் தோன்றும். பருவமழைக் காலத்தில் ஒருநாள் மின்சாரம் நின்று மீளும்போது, பழைய பட்டியலே திரும்பி வரும்.